குழாய்க்குள் வெள்ளைக் கோடு

மலை ஊரான ஐன் தூத்தாவில் யார் வீட்டிலாவது பீர் புளிக்கிற பீப்பாயில் குமிழி நின்றுபோனால் வதாத்துக்கு ஆள் வரும். அவள் போவாள். மூடியைத் திறக்கமாட்டாள், விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டாள். ஒரு நாற்காலி கேட்பாள். அதைப் பீப்பாய்க்கு அருகில் போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ணுவாள். ஒன்றுமே வராவிட்டாலும் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்காரர்களுக்குத்தான் பொறுமை போகும்.

எண்ணுகிற பழக்கம் மருத்துவமனையில் வந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், ஸஹ்லேயில் ஒரு சிறிய மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷம் ஆயாவாக இருந்தாள். படுக்கை மாற்றுவது, தரை துடைப்பது, ட்ரிப்ஸ் பாட்டில் தீரும்போது நர்ஸைக் கூப்பிடுவது. நாளடைவில் நர்ஸுகள் சொட்டு எண்ணும் வேலையையும் அவளிடம் விட்டுவிட்டார்கள். நிமிடத்துக்கு முப்பது என்றால் முப்பது. குறைந்தால் எங்கே மடங்கியிருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது, பாட்டில் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அதிகம் பேசமாட்டாள். நோயாளிகளுக்கு அதுவே பிடித்திருந்தது.

நாட்டில் பணம் காகிதமாகிப்போன வருஷம் அந்த மருத்துவமனையை மூடினார்கள். கடைசி நாளில் கைக்கு அகப்பட்டதை எடுத்துப்போகச் சொன்னபோது ஒருத்தி சுவர்க் கடிகாரத்தை எடுத்தாள், இன்னொருத்தி திரைச்சீலைகளை. வதாத் பிரிக்காத ட்ரிப்ஸ் குழாய்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறையத் தூக்கி வந்தாள். எதற்கென்று கணவன் நஊம் கேட்டபோது பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

நஊம் டிராக்டர் மெக்கானிக். பகலெல்லாம் சமவெளி வெயிலில் எண்ணெயில் புரண்டுவிட்டு, மாலையில் ஒரு குளிர்ந்த பீர் கிடைத்தால் போதும் என்கிற ஆள். அந்த ஒரு பீர் கைக்கு எட்டாமல் போனபோது முகம் தொங்கிப்போய்த் திரிந்தான். சுவீடனில் இருக்கும் வதாத்தின் அக்கா மகன், வீட்டிலேயே பீர் போட்டுக்கொள்ளச் சொல்லி, ஊருக்கு வந்தவர்கள் பெட்டியில் முளைகட்டிய பார்லியின் மால்ட் பாகு டப்பாக்களும் ஈஸ்ட் பொட்டலங்களும் கசப்புக்கு ஹாப்ஸ் பூவும் கொடுத்தனுப்பினான். கூடவே தண்ணீர் ஊற்றி மூடியில் செருகும் ஒரு சின்ன பிளாஸ்டிக் காற்றுப் பூட்டும் இருந்தது. உள்ளே உண்டாகும் வாயு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு குமிழியாக வெளியே வரும், வெளிக் காற்று உள்ளே போக முடியாது. அவ்வளவுதான் அதன் வேலை.

முதல் முறை அந்தப் பூட்டுக்குள் நுரையும் பூவிதழும் ஏறி அடைத்துக்கொண்டன. மூன்றாம் நாள் நண்பகலில் மூடி பறந்து போய்ச் சமையலறைக் கூரையில் மோதியது. அங்கே விழுந்த பழுப்புக் கறை இன்றும் இருக்கிறது. நஊம் அதைச் சைப்ரஸ் தீவு என்பான். வதாத் ஏணி வைத்து ஏறி, கறையை முடிந்தவரை துடைத்துவிட்டு, அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். ட்ரிப்ஸ் குழாயின் ஒரு முனையை அடுத்த பீர் போட்ட பாட்டிலின் தக்கையில் செருகி, மறு முனையை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீருக்குள் முக்கினாள். மருத்துவமனையில் நீர் உள்ளே போகும், இங்கே காற்று வெளியே வரும். எண்ணுவது ஒன்றுதான்.

அதன்பிறகு அந்தக் குழாய் ஊரில் பல வீடுகளுக்குப் போயிற்று, குழாயோடு அவளும் போனாள். குமிழி நின்றால் எல்லாரும் முதலில் சொல்வது ஈஸ்ட் செத்துவிட்டது என்பதுதான். வதாத் அதைக் கடைசியாகத்தான் நினைப்பாள். முதலில் குழாய், பிறகு மூடி, பிறகு குளிர். பெரும்பாலும் அதற்குள் விஷயம் தெரிந்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் மகள் ரேமோந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மாப்பிள்ளை ஜிரியஸ் பக்கத்து மலை ஊர்க்காரன், நல்ல பையன். அவனுடைய அப்பா இஸ்கந்தர்தான் கொஞ்சம் கஷ்டம். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் திராட்சையைச் சோம்பு போட்டுச் செம்புப் பானையில் மூன்று முறை வடித்து, அந்த வட்டாரத்திலேயே பேர்போன அரக் என்கிற சாராயம் காய்ச்சுகிறவர். தான் காய்ச்சாத எதையும் பானம் என்று ஒத்துக்கொள்ளமாட்டார். நிச்சயத்தன்று காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, இந்த வீட்டில் பீர் போடுகிறார்களாமே என்று யாரோ பேச்சை எடுத்தார்கள்.

"பீரா? அது ஏப்பமா வெளிய வர்றதுக்குன்னே உள்ள போற சமாச்சாரம்" என்றார் இஸ்கந்தர். "அதையா விருந்தாளிக்கு ஊத்துவாங்க?"

நஊமுக்குக் காது சிவந்தது. மகன் பேரைச் சொல்லி அப்பனை அழைக்கிற ஊர் மரியாதையை மட்டும் விடவில்லை. "கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்து எங்க வீட்டுலதானே, அபூ ஜிரியஸ். எங்க பீரைக் குடிச்சுட்டு அப்புறம் சொல்லுங்க. உங்க மேசைக்குன்னே தனியா ஒண்ணு போடுறோம். கறுப்பு பீர். உங்க ஜென்மத்துல குடிச்சிருக்க மாட்டீங்க."

வதாத் தட்டோடு வாசல்படியில் நின்றிருந்தாள். கறுப்பு மால்ட் வீட்டில் ஒரே ஒரு டப்பாதான் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். நஊமுக்கும் தெரியும்.

பீர் எப்படிப் போனாலும் அவளுக்குக் கவலையில்லை. மகளை நினைத்துத்தான் பயம். அந்த மலைகளில் கல்யாணத்துக்கு முந்தின விருந்தில் நடப்பது பெண்ணின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஆட்டுக்கறி சரியாக வேகாமல் போன வீட்டுப் பெண் ஒருத்திக்கு இப்போது அறுபது வயது, இன்னும் அவள் 'வேகாத கறி'தான். ஜெனரேட்டர் நின்றுபோய் இருட்டில் சாப்பாடு போட்ட வீட்டுப் பெண்ணை 'மெழுகுவத்தி' என்பார்கள், அவளுடைய பிள்ளைகளை மெழுகுவத்தியின் பிள்ளைகள் என்பார்கள். ரேமோந்தா அந்த வீட்டுக்குள் என்ன பெயரோடு நுழையப் போகிறாள் என்பது இனி ஒரு பீப்பாயிலும் ஒரு பாட்டிலிலும் இருந்தது.

மாதா விழா முடிந்த மறு வாரம் வேலையை ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் பொதுவாக அறுபது லிட்டர் வெள்ளைப் பீப்பாயில் சாதாரண பீர். இஸ்கந்தர் மேசைக்குத் தண்ணீர் கேன் பாட்டில் ஒன்றில் கறுப்பு. வழக்கமாக நிலவறையில் வைப்பார்கள், கோடையிலும் அங்கே சூடு ஏறாது. ஆனால் நிலவறை முழுக்கக் கல்யாண நாற்காலிகளும் பாத்திரங்களும் அடுக்கியிருந்ததால் சமையலறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்ன அறையில் வைத்தார்கள். பகலில் அது அடுப்பு மாதிரி கொதிக்கும், விடியற்காலையில் மலைக்காற்றில் போர்வை கேட்கும். வதாத்துக்கு அது பிடிக்கவில்லை. வேறு இடமும் இல்லை.

பீப்பாயில் பிளாஸ்டிக் பூட்டு, பாட்டிலில் ட்ரிப்ஸ் குழாய். இரண்டும் மறுநாளே பிடித்துக்கொண்டன. அறைக்குள் போனால் பேசிக்கொண்டிருப்பது போலச் சத்தம் கேட்டது. நஊம் நாளுக்கு நாலு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற பிள்ளை தவழ்கிற மாதிரி செய்தி சொன்னான்.

நாலாம் நாள் பீப்பாய் வாயை மூடிக்கொண்டது. கறுப்புப் பாட்டில் துள்ளிக்கொண்டிருக்க, பீப்பாயில் ஒரு குமிழிகூட இல்லை. செய்தி பரவி வீட்டில் ஆட்கள் கூடினார்கள். ஒருவர் சர்க்கரை போடச் சொன்னார். ஒருவர் நன்றாக ஆட்டிவிடச் சொன்னார். நஊம் மூடியைத் திறந்து ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் என்று கெஞ்சினான். அவனுடைய அக்கா லத்தீஃபே, தான் முதலிலேயே பயந்ததாகவும், நிச்சயத்துக்கு வந்த கூட்டத்தில் யாருடைய கண்ணோ பட்டுவிட்டதாகவும் சொல்லிப் பெருமூச்சு விட்டாள்.

வதாத் நாற்காலியைக் கொண்டு வந்து போட்டு எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பூட்டு அடைத்திருக்கவில்லை, தண்ணீர் சரியான அளவில் நின்றது. பீப்பாயின் வயிற்றில் காதை வைத்தாள். உள்ளே சலசலவென்று மெல்லிய ஓசை, சாம்பலில் தண்ணீர் தெளித்த மாதிரி. உயிர் இருக்கிறது. அப்படியானால் வாயு வேறு வழியாகப் போகிறது.

எரிவாயு சிலிண்டர் மாற்றும்போது செய்வது போலக் கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, மூடியின் விளிம்பைச் சுற்றித் துணியால் தடவினாள். பின்பக்கம், சுவரை ஒட்டிய இடத்தில், நுரை முட்டை முட்டையாகக் கிளம்பியது. விரலை விட்டுத் தடவியபோது ஒரு நூல் தட்டுப்பட்டது. ரப்பர் வளையத்துக்கும் மூடிக்கும் நடுவில் மாட்டியிருந்தது. இழுத்தாள். நூலின் மறு முனையில் ஒரு நீலமணி சுவருக்கும் பீப்பாய்க்கும் இடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

லத்தீஃபேயைக் கூப்பிட்டாள்.

"நான்தான் கட்டினேன்" என்றாள் லத்தீஃபே, கேட்பதற்கு முன்பே. "கண்ணு படாம இருக்கட்டும்னு."

"கட்டினது சரி, அண்ணி. நூலை எதுக்கு மூடிக்குள்ள விட்டீங்க?"

"வெளிய கட்டினா வர்றவங்க போறவங்க கண்ணுல படாதா? திருஷ்டி மணியை யாராச்சும் ஊருக்குக் காட்டுவாங்களா?"

வதாத் மணியைப் பூட்டின் கழுத்தில் கட்டிவிட்டு, வளையத்தைத் துடைத்து மூடியை அழுத்தினாள். கால் மணி நேரத்தில் பீப்பாய் பேச ஆரம்பித்தது. லத்தீஃபே அடுத்த ஒரு வாரம் போகிற இடமெல்லாம், கண் பட்டு நின்றுபோன பீரைத் தன் மணிதான் திருப்பிக் கொண்டுவந்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். 

இந்த அமளியில் அவள் கறுப்புப் பாட்டிலைச் சரியாகக் கவனிக்கவில்லை. அது முதல் நாளிலிருந்தே நல்ல பிள்ளையாக இருந்தது. ஏழாம் நாள் குமிழி மெல்லத் தளர்ந்து நின்றது. நிற்க வேண்டிய நேரம்தான், சர்க்கரையைத் தின்று முடித்திருக்கும். அடியில் தெளியட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்குத் தெரியாமல் நஊம் ஒரு காரியம் செய்திருந்தான். இஸ்கந்தர் நிச்சயத்தன்று ஒரு பெரிய ஜாடி அரக் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். குழாய் முங்கியிருந்த தம்ளரில் தண்ணீர் நாலைந்து நாளில் கலங்கிவிடும், சாராயம் என்றால் கெடாது என்று ஊரில் சிலர் சொல்வார்கள். சம்பந்தியின் மேசைக்குப் போகிற பாட்டிலுக்குச் சம்பந்தியின் சாராயமே காவல் இருக்கட்டும் என்று நஊமுக்குத் தோன்றியது. தண்ணீரைக் கொட்டிவிட்டு அரக்கை ஊற்றினான். நீர் கலக்காத அரக் பார்வைக்குத் தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருக்கும். வாசனையை மறைக்க முடியாதுதான். ஆனால் ஜாடியும் அதே அறையில்தான் இருந்தது, அதனால் வதாத் சந்தேகப்படவில்லை.

அவள் சந்தேகப்பட்டது வேறு விஷயத்தில். ஜாடி இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் ஒரு விரல், அப்புறம் இரண்டு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் நஊமுக்கு டாக்டர் அரக்கைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். விடியற்காலையில் அவன் படுக்கையை விட்டு எழுந்து பின்னறைக்குப் போய் வருவதை அவள் அரைத் தூக்கத்தில் கேட்டிருந்தாள். திரும்பி வந்து, திருடிவிட்டு வந்தவன் மாதிரி ஓசைப்படாமல் படுப்பான். கல்யாண நேரத்தில் சண்டை வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்தாள். பதின்மூன்றாம் நாள் காலை ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்தாள்.

"ஜாடி நாலு விரல் இறங்கியிருக்கு, நஊம்."

"வெயில்."

"மூடி போட்ட ஜாடிக்குள்ள வெயில் வந்து குடிக்குதா?"

நஊம் ரொட்டியை வைத்துவிட்டு புனிதர் மார் எலியாஸ் மேல் சத்தியம் செய்தான். ஒரு சொட்டுகூட நாக்கில் படவில்லை என்றான். பிறகு எல்லாம் வெளியே வந்தது. தம்ளரில் அரக் ஊற்றியது, ஆறு நாளாகக் காலையில் போய்ப் பார்த்தால் தம்ளரில் பாதிதான் இருக்கிறது என்பது.

"நீ பாத்தா என்னைத்தானே சொல்லுவ? அதான் நீ எந்திரிக்கிறதுக்கு முன்ன போயி நிரப்பி வெச்சுட்டு வந்துடுவேன்."

"தம்ளர்ல ஏன் குறையுது?"

"சூட்டுல ஆவியாப் போகுதோ என்னவோ."

"சூடு பகல்ல. குறையுறது ராத்திரில."

 வதாத் அன்று பகலெல்லாம் அதே நினைவாக இருந்தாள். மறுநாள் விடியும் முன் சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியைத் தூக்கிப் பின்னறைக்குப் போனாள். தகரம் பனியில் நனைந்து குளிர்ந்திருந்தது. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம் வந்ததும் குழாயைப் பார்த்தாள்.

தம்ளரில் பாதிதான் மிச்சம். அதிலிருந்து பாட்டிலின் தக்கைவரை குழாய்க்குள் ஒரு வெள்ளைக் கோடு நின்றது. பால் ஊற்றின மாதிரி வெள்ளை. குழாயின் உட்புறம் எப்போதும் வேர்த்து ஈரமாக இருக்கும். நீர் பட்டால் வெளுக்கிற அரக் அந்த ஈரத்தைத் தொட்டதும் வெளுத்திருக்கிறது. வெளுத்திருந்ததால்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கோடு நின்றுகொண்டிருக்கவும் இல்லை, நகர்ந்தது. மேல்நோக்கி, தம்ளரிலிருந்து பாட்டிலுக்குள்.

அவளுக்கு ஆண்கள் வார்டில் ஏழாம் படுக்கை ஞாபகம் வந்தது. பாட்டிலைத் தாழ்வாக மாட்டிவிட்டதால் ஒருநாள் இரத்தம் ட்ரிப்ஸ் குழாயில் பின்னோக்கி ஏறியது, இதே மாதிரி, சிவப்பாக. தள்ளுகிற விசை குறைந்தால் எதிர்ப்பக்கம் இருப்பது திரும்பி ஏறும். பாட்டில் பொங்கிக்கொண்டிருந்தவரை வாயு தள்ளிக்கொண்டே இருந்தது. ஏழாம் நாள் அது ஓய்ந்தது. பகல் சூட்டில் விரிந்து வெளியேறின காற்று இராக்குளிரில் சுருங்கும்போது பாட்டில் மூச்சை உள்ளே இழுக்கிறது. தம்ளரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் இழுக்கும். அது தண்ணீராக இருந்திருந்தால் கூடத் தேவலாம்.

எழுந்து குழாயைத் தம்ளரிலிருந்து தூக்கினாள். கோடு விறுவிறுவென்று ஏறி மறைந்தது.

நஊம் வந்தபோது அவள் நடந்ததைச் சொல்லி, இராத்திரிக்கு ஒரு விரலாக மடக்கிக் காட்டினாள், அவன் எண்ணினான். இன்றையதையும் சேர்த்து ஏழு இராத்திரி, இராத்திரிக்கு அரைத் தம்ளர். மூன்றரைத் தம்ளர் அரக். நஊம் பாட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வதாத் பீர் குடிக்கிறவள் இல்லை. அன்று ஒரு கரண்டி எடுத்து நாக்கை நனைத்துப் பார்த்தாள். புளிக்கவில்லை, கெடவில்லை. கருக வறுத்த ரொட்டியின் மேல் சோம்பைப் பொடித்துத் தூவின மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. கறுப்பு பீர் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

எலுமிச்சை பிழிந்தால் சோம்பு அடங்கும் என்றாள் லத்தீஃபே. கொதிக்கவைத்தால் போய்விடும் என்றான் நஊம். கொதித்தால் பீரும்தான் போகும் என்றாள் வதாத். இனி ஏறாமலிருக்கச் செய்ய வேண்டியதைச் செய்தாள். குழாயை நடுவில் வெட்டி, இடையில் ஒரு காலி பாட்டிலைப் பொருத்தினாள். இனிமேல் எது திரும்பினாலும் அதில்தான் விழும். தம்ளரில் காய்ச்சி ஆறின தண்ணீர் ஊற்றினாள். பாட்டிலையும் பீப்பாயையும் போர்வையால் சுற்றினாள். ஆனால் உள்ளே போனதை எடுக்க வழியில்லை. கறுப்பு மால்ட் இன்னொரு டப்பா இல்லை, சுவீடனிலிருந்து அதற்குள் யாரும் வரப்போவதும் இல்லை.

ரேமோந்தாவிடம் அவளே சொன்னாள். மகள் தையல்காரியிடமிருந்து வந்த ஆடையை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவரு மூக்காலேயே சாராயத்தை அளக்குற ஆளும்மா" என்றாள். "பக்கத்துல கொண்டுபோனாலே தெரிஞ்சுடும். அப்பா வேற எத்தனை பேரு முன்னாடி சொல்லித் தொலைச்சிருக்காரு."

சாதாரண பீரையும் கறுப்பையும் புட்டிகளில் அடைத்தார்கள். கறுப்பு முப்பத்து நாலு புட்டி. வதாத் அவற்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே அடுக்கித் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். இஸ்கந்தர் மேசைக்கும் பொது பீரையே வைப்பது என்று முடிவு. கறுப்பு எங்கே என்று கேட்டால் பாட்டில் வெடித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றான் நஊம். கூரையில் ஏற்கெனவே கறை இருக்கிறது, காட்டக்கூடச் செய்யலாம்.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை விருந்து. முசுக்கொட்டை மரத்தடியில் மேசைகள் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சொன்னதைவிடப் பதினைந்து பேர் கூடுதலாக வந்தார்கள். கறி வெந்திருந்தது, விளக்கு எரிந்தது. பீர் நல்ல நுரையோடு தங்க நிறத்தில் ஊற்ற ஊற்றத் தீர்ந்தது. இஸ்கந்தர் தன் அரக் புட்டியை எதிரில் வைத்துக்கொண்டு, மரியாதைக்காக ஒரு தம்ளர் பீரை வாங்கிப் பாதி குடித்தார். குற்றமில்லை என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. நஊம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பிறகு இஸ்கந்தர் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எனக்குன்னு தனியா ஒண்ணு போடுறதாச் சொன்னீங்களே. கறுப்பா. அது எங்கே?"

பக்கத்து மேசைகளிலும் தலைகள் திரும்பின. நஊம் கூரையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான். ரேமோந்தா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வதாத் கதவோரம் நின்று மகளின் காதைப் பார்த்தாள். அப்பனுடைய காதைப் போலவே சிவந்துகொண்டு வந்தது.

வெடித்த பாட்டில் என்றால் மகளுக்கு 'வெடி' என்று பெயர் வரும். கெட்டுப்போனது என்றால் 'கெட்டது.' எப்படியும் ஏதோ ஒரு பெயர் வரத்தான் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. பொய்யிலிருந்து வருகிற பெயரை மட்டும் மகள் சுமக்க வேண்டாம்.

உள்ளே போய்ச் சிவப்பு நூல் கட்டின புட்டி ஒன்றைக் கொண்டுவந்து இஸ்கந்தரின் எதிரில் வைத்துத் திறந்தாள். தானே ஊற்றினாள். இருபத்திரண்டு வருஷம் நோயாளிகளிடம் பேசின குரலில், மேசைக்கு மட்டும் கேட்கிற அளவில் சொன்னாள்:

"இதுல உங்க சாராயம் கலந்திருக்கு, அபூ ஜிரியஸ். நாங்க கலக்கல. குழாய் முனை உங்க அரக்குக்குள்ள முங்கி இருந்துச்சு. ராத்திரிக் குளிர்ல பாட்டில் அதை உள்ள உறிஞ்சிடுச்சு. நான் பாத்திருக்கணும், பாக்கல."

இஸ்கந்தர் தம்ளரை மூக்குக்குக் கீழே கொண்டுபோனார். அங்கேயே வைத்திருந்தார். "எவ்வளவு?" என்று கேட்டார்.

"மூணரைத் தம்ளர்."

குடித்தார். பாதித் தம்ளரில் நிறுத்தி, மறுபடி குடித்து முடித்தார். சுற்றி இருந்தவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் குழாய் எவ்வளவு நீளம், தம்ளர் பாட்டிலுக்கு எவ்வளவு கீழே இருந்தது, எந்த நேரத்தில் ஏறியது என்று கேட்டார். வதாத் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். வெள்ளைக் கோட்டைப் பற்றிச் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார்.

"தீ அணைஞ்சா என் பானையும் இதைத்தான் செய்யும்" என்றார். "வடிகுழாய் முனை வாளிக்குள்ள முங்கியிருந்தாப் போதும். பதினோரு வருஷத்துக்கு முன்ன ஒரு நாள் அடுப்பாண்ட தூங்கிட்டேன். எழுந்து பாத்தா அன்னைக்கு வடிச்சது அத்தனையும் பானைக்குள்ள திரும்பிப் போயிருக்கு. வாளி காலி."

எதிரில் இருந்த அவருடைய மனைவி ரொட்டியைக் கீழே வைத்தாள். "அந்த வருஷம் திராட்சையில சாறே இல்லைன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"பதினோரு வருஷமாச் சொல்றீங்க."

"இன்னைக்கு இந்தப் பொம்பளை எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டா. நான் மட்டும் எத்தனை நாளைக்கு வயித்துக்குள்ள வெச்சிருக்க?" தம்ளரை நீட்டினார். "ஊத்தும்மா. எங்க வீட்டுக்கு உங்க பொண்ணு வர்றதுக்கு முன்ன, உங்க வீட்டுக்கு என் சாராயம் மருமகனா வந்திருக்கு. வந்த மாப்பிள்ளையை அடுப்படியிலயா ஒளிச்சு வெப்பீங்க?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளை ஜிரியஸ். பிறகு மேசை முழுதும் சிரித்தது. இஸ்கந்தரின் மனைவிதான் கடைசிவரை சிரிக்கவில்லை. அவளுக்குப் பதினோரு வருஷப் பொய்யின் கணக்கு பாக்கி இருந்தது. முப்பத்து நாலு புட்டியும் அன்றே தீர்ந்தன. ருசி பிடிக்காமல் ஓரமாகத் தள்ளிவைத்தவர்களும் இருந்தார்கள், லத்தீஃபே அவர்களில் ஒருத்தி.

பெயர் வராமல் இல்லை. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாளே ரேமோந்தாவை இஸ்கந்தர் 'சோம்பு' என்று கூப்பிட ஆரம்பித்தார். பிறகு வீடு முழுக்க, பிறகு அந்த ஊர் முழுக்க. முதல் சில மாதம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பிள்ளை உண்டான பிறகு விட்டுவிட்டாள். வேகாத கறியை நினைத்தால் இது எவ்வளவோ மேல் என்று அம்மாவிடம் சொன்னாள். வதாத்தும் அப்படித்தான் நினைத்தாள், ஆனாலும் யாராவது அந்தப் பெயரைச் சொல்லும்போது சொல்கிறவர் முகத்தை ஒரு கணம் பார்ப்பாள்.

ஒவ்வொரு கோடையிலும் இஸ்கந்தர் ஒரு ஜாடி அனுப்புகிறார், அதே மாதிரி போடச் சொல்லி. வதாத் மூன்றரைத் தம்ளரை அளந்து கையாலேயே ஊற்றுகிறாள். அது அன்றைக்கு வந்த மாதிரி வரவில்லை என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்லியனுப்புகிறார். குழாய் வழியாக ஏறவிட அவள் சம்மதிக்கவில்லை.

இப்போதும் குமிழி நின்ற வீடுகளிலிருந்து ஆள் வருகிறது. அவள் நாற்காலி கேட்கிறாள், கடிகாரத்தைக் கழற்றுகிறாள். ஆனால் உட்காருவதற்கு முன், குழாய் முனை முங்கியிருக்கும் தம்ளரை எடுத்து முகர்ந்து பார்க்கிறாள்.